மாதிரிக்குப் போட்ட பக்கம்

நான் பத்தாவது பெயில். இங்கிலீஷிலும் கணக்கிலும் போனது. திரும்ப எழுதவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். கூட்டுவது, கம்ப்யூட்டரைத் துடைப்பது, வருகிறவர்களுக்கு மெயில் திறந்து கொடுப்பது. மத்தியானம் கூட்டம் இருக்காது. அப்போது ஏதாவது ஒரு வெப்சைட்டைத் திறந்து, அதற்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பேன். அதைக் காப்பி எடுத்து ஒரு வரியை மாற்றுவேன். என்ன ஆகிறதென்று பார்ப்பேன். அப்படிப் படித்ததுதான். வேறு படிப்பு இல்லை.

கண்ணுக்குத் தெரிகிற பக்கம், அதற்குப் பின்னால் ஓடுகிற புரோகிராம், தகவல்களைச் சேர்த்து வைக்கிற இடம், சர்வர் எல்லாவற்றையும் நான் ஒருவனே செய்தேன். இப்போது இதற்கு ஃபுல் ஸ்டாக் என்று பேர் வைத்திருக்கிறார்கள். அப்போது பேர் இல்லை. வேறு ஆள் இல்லை, ஒருவன் செய்தான். அவ்வளவுதான்.

கல்யாணம் ஆனதும் சாணார்பட்டிப் பக்கம் மனைவியின் ஊருக்கே போய்விட்டேன். மாமனாருக்குச் சம்பங்கித் தோட்டம். தோட்டத்தை ஒட்டி மோட்டார் ரூம், அதற்கு அடுத்து ஒரு ஓட்டு அறை. உரமூட்டை போட்டிருந்த அறை. அதைக் காலி செய்து கம்ப்யூட்டர் வைத்தேன். சாணார்பட்டி எக்ஸ்சேஞ்சுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. அறைக்குள் போனால் சாயங்காலம்தான் வெளியே வருவேன்.

ஊரில் கேலி பேசினார்கள். மாமனாரும் பேசுவார்.

"மாப்ள, கரண்டு இல்லாட்டி எங்க மோட்டாரும் ஓடாது, உங்க சோலியும் ஓடாது. நாம ரெண்டு பேரும் ஒரே சாதிதேன்."

"ஆமா மாமா."

"என்னா ஒண்ணு, எனக்குத் தண்ணி வந்தாத் தெரியும். உங்களுக்கு என்னா வருதுன்னுதேன் தெரியல."

அறைக்குள் இருந்துகொண்டு முகம் தெரியாத ஆட்களுக்கு வேலை பார்த்தேன். சென்னையில் ஒருவர், கோயம்புத்தூரில் ஒருவர். யாரையும் நேரில் பார்த்ததில்லை. மெசஞ்சரில் எழுதுவார்கள், நான் செய்து அனுப்புவேன். எனக்கு அது பிடித்திருந்தது. அதிகம் பேச வேண்டாம்.

அப்படித்தான் பிரான்சிலிருந்து ஒருவர் வந்தார். இலங்கைத் தமிழர். வயதானவர். குரலில் பேசுவார், எழுத மாட்டார். இறந்தவர்களுக்காக ஒரு வெப்சைட் வேண்டும் என்றார்.

"தம்பி, எங்கட சனம் உலகம் முழுக்கச் சிதறிப் போய்க் கிடக்குது. ஒரு ஆள் செத்தா ஒருத்தருக்கும் தெரியிறதில்லை. படத்தைப் போட்டு, பேர், ஊர், திகதி போட்டு, பாக்கிற ஆக்கள் ஒரு பூப் போடுற மாதிரிச் செய்து தாரும். விளங்குதே?"

"விளங்குதுங்கய்யா."

செய்தேன். யார் வேண்டுமானாலும் படத்தை ஏற்றலாம். ஏற்றியதும் படத்தைச் சுற்றி மாலை தானாக வந்துவிடும். கீழே ஒரு விளக்கு, சுடர் ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு பொத்தான். அதைச் சொடுக்கினால் மேலிருந்து ஒரு பூ விழும். விழுந்த பூவெல்லாம் படத்தின் அடியில் கிடக்கும். அதற்குக் கீழே செய்தி எழுத இடம்.

மாலைக்குப் படம் வேண்டியிருந்தது. மனைவியிடம் கேட்டேன்.

"ஒரு சம்பங்கி மாலை கட்டித் தா. நெருக்கமா."

"எந்தச் சாமிக்கு?"

"கம்ப்யூட்டர்ல போடுறதுக்கு."

"கம்ப்யூட்டரு சாமிக்கா? அம்புட்டு பெரிய சாமியா அது?" என்று சிரித்தாள். கட்டிக் கொடுத்தாள். வெள்ளைத் துணியில் வைத்து போட்டோ எடுத்துக்கொண்டேன்.

பக்கம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு மாதிரி போட வேண்டும். எல்லா வேலையிலும் இது உண்டு. பொய்யாக ஒரு பேர், பொய்யாக ஒரு படம். மற்ற வேலைகளில் வாயில் வந்ததைப் போடுவேன். இதில் கை ஓடவில்லை. உயிரோடு இருக்கிறவர்கள் யார் படத்தையும் மாலைக்குள் வைக்க முடியாது. செத்தவர் படத்தை வைத்தால் அவரோடு விளையாடுகிற மாதிரி. சாமி படம் கூடவே கூடாது. மிஞ்சியது நான்.

கல்யாணத்துக்கு முன்னால் ஸ்டூடியோவில் எடுத்த என் படம் கம்ப்யூட்டரில் இருந்தது. அதை ஏற்றினேன். என் பேரைப் போட்டேன். என் பிறந்த வருஷத்தைப் போட்டேன். இறந்த இடம், திண்டுக்கல். இறந்த நாள், அன்றைய தேதி.

பிறந்த இடம் கட்டாயம் போட வேண்டும், இல்லாவிட்டால் பக்கம் ஏறாது. நான்தான் அப்படி எழுதி வைத்திருந்தேன். ஆனால் அதில் தட்டச்சு செய்ய முடியாது, பட்டியலில் இருந்து ஒன்றைத் தொட வேண்டும். பட்டியல் பிரான்ஸ்காரர் கொடுத்தது. எல்லாம் அவர்கள் பக்கத்து ஊர்கள். எங்கள் ஊர் எதுவும் இல்லை. அகர வரிசையில் முதலில் நின்றது அச்சுவேலி. அதையே தொட்டேன்.

பக்கம் ஏறியது. மாலை சரியாக உட்கார்ந்தது. விளக்கு ஆடியது. பொத்தானை ஒருமுறை சொடுக்கினேன். என் முகத்துக்கு முன்னால் ஒரு பூ விழுந்தது. வேலை முடிந்தது என்று சாப்பிடப் போனேன்.

பிறகு அவருக்கு வேறு வேலைகள் செய்தேன். அச்சுக்குப் போகிற மரண அறிவித்தல், மெயில் அனுப்புவது, அப்படி. மாதிரிப் பக்கத்தை எடுக்கவில்லை. சைட்டை இன்னும் திறக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் திறந்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்தது இப்படித்தான். ஒரு நாள் காலையில் வேறு ஏதோ சரிபார்க்க அந்தப் பக்கத்தைத் திறந்தேன். படத்தின் அடியில் பூக்கள் குவிந்து கிடந்தன. நான் போட்டது ஒன்று.

கீழே ஒரு செய்தி இருந்தது.

"அண்ணா, இத்தனை வருசமும் உங்களைத் தேடினனான். இப்பிடிக் காண்பன் எண்டு நினைக்கேல்லை."

ஒரு பெண்ணின் பேர். கனடாவில் இருக்கிறாள் என்று காட்டியது.

எவரோ பக்கம் மாறி எழுதிவிட்டார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் இன்னொரு செய்தி. அடுத்த நாளும். அவர்களுக்கு ராத்திரி நமக்குக் காலை. நான் அறையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போடுகிற நேரத்தில் புதிது வந்திருக்கும்.

செய்திகளைச் சேர்த்துப் படித்ததில் விஷயம் புரிந்தது. அவளுக்கு ஒரு அண்ணன். அச்சுவேலியில் பிறந்தவன். என் பேர்தான் அவன் பேரும், அது ஒன்றும் அபூர்வமான பேர் இல்லை. வயதும் ஏறத்தாழ ஒன்று. சண்டை நேரத்தில், அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, படகேறி இந்தியாவுக்குப் போனான். பிறகு தகவல் இல்லை. திண்டுக்கல் பக்கம் ஏதோ முகாமில் இருக்கிறான் என்று யாரோ ஒரு தடவை சொல்லியிருக்கிறார்கள். அம்மா, அப்பா இல்லை. வீடு போனபோது படங்களும் போய்விட்டன. வளர்த்த பெரியம்மாவுக்குக் கண் தெரியாது. அண்ணன் முகத்தைச் சொல்ல ஆளில்லை. என் முகம் கிடைத்துவிட்டது.

"உங்கட நெற்றி அம்மாவின்ர நெற்றியெண்டு பெரியம்மாவுக்குச் சொன்னன். அவ அழுதவ" என்று எழுதியிருந்தாள்.

இன்னொரு நாள், "இடது முழங்காலுக்குக் கீழ நாய் கடிச்ச அடையாளம் இருக்குமெண்டு பெரியம்மா சொன்னவ. படத்தில கால் தெரியேல்லை" என்று.

எனக்கு இடது காலில் நாய் கடித்த தழும்பு உண்டு. எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு இருக்கும். லுங்கியை விலக்கிப் பார்த்தேன். இருக்கிறது என்று தெரியும். ஆனாலும் பார்த்தேன்.

அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பூ விழும். உலகத்தில் எங்கோ ஒருவர் அந்த நிமிஷம் சொடுக்கியிருக்கிறார் என்று அர்த்தம். சத்தம் இருக்காது. சத்தம் நான் வைக்கவில்லை. வெயில் அடிக்கிற மத்தியானம், வெளியே மாமனார் மடை மாற்றுகிற மண்வெட்டிச் சத்தம், இங்கே என் முகத்துக்கு முன்னால் ஒரு பூ. மூடிவிடுவேன். கொஞ்ச நேரத்தில் திரும்பத் திறப்பேன்.

மனைவியிடம் சொல்லவில்லை. அவளாகப் பார்த்துவிட்டாள். காப்பி கொண்டுவந்தவள் டம்ளரோடு நின்றாள்.

"இதென்னங்க?"

நான் திரும்புவதற்குள் அவள் கிட்ட வந்துவிட்டாள்.

"இது நான் கட்டுன மாலை."

"மாதிரிக்குப் போட்டது."

"நான் கட்டுன மாலைய உங்க கழுத்துல போட்டு வெளக்கேத்தி வச்சிருக்கீக. மாதிரியா? எதுக்கு மாதிரி? எந்த ஊர்ல இதுக்கு மாதிரி பாக்குறாக?"

"வேற யாரு படத்தையும் போட முடியல."

"உங்க படத்த மட்டும் போடலாமாக்கும்! நெத்தியில பொட்டு வச்சுக்கிட்டு நான் ஒருத்தி நடமாடுறது கண்ணுக்குத் தெரியலயா?"

காப்பியைக் கீழே வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். அவள் பிளஸ் டூ. என்னைவிட வேகமாகப் படிப்பாள். நாய் கடித்த செய்திக்கு வந்ததும் நிறுத்தினாள். என் காலைப் பார்த்தாள்.

"எடுத்திருங்க. இன்னைக்கே," என்றாள் கடைசியில்.

எடுப்பது ஒரு வரி வேலை. சர்வர் சாவி என்னிடம்தான் இருந்தது. ஆனாலும் சைட் அவருடையது. அன்று மத்தியானம் பிரான்ஸ்காரர் மெசஞ்சரில் வந்ததும் சொன்னேன். முதலில் போட்ட அந்த ஆளின் பக்கத்தை எடுத்துவிடுகிறேன் என்று.

"ஏன் தம்பி? அதைப் பாத்துத்தானே மற்ற ஆக்களும் போடுகினம்."

"அது மாதிரிக்குப் போட்டதுங்கய்யா. அது என் படம்."

அவர் அந்தப் பக்கத்தைத் திறக்கிற சொடுக்குச் சத்தம் கேட்டது.

"உம்மட முகமா அது?"

"ஆமாங்கய்யா."

இத்தனை மாதம் பேசியும் அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை. என் முழுப் பேரும் தெரியாது. மெசஞ்சரில் இருந்த சின்னப் பேரைத்தான் சொல்லிக் கூப்பிடுவார். யாரோ முகாமில் செத்த ஆளுக்கு நான் போட்டுக் கொடுத்தேன் என்று நினைத்திருந்தாராம்.

"ஒவ்வொரு நாளும் காலமை அந்த முகத்துக்குப் பூப் போட்டுட்டுத்தான் தம்பி உம்மோட கதைக்க வாறனான்," என்றார். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

கனடாப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது முன்னமே தெரிந்திருந்தது.

"அந்தப் பிள்ளை எனக்கும் எழுதினது. நன்றி எண்டு எழுதினது தம்பி. எங்கட சனத்தில எத்தினை பேருக்கு ஆள் இருக்கோ இல்லையோ எண்டே தெரியாது. ஒரு திகதி கிடைச்சாலே பெரிய விசயம். அதை நீர் பறிக்கப் போறீரே?"

"பொய்த் தேதிங்கய்யா."

"ஓம். பொய்தான். நீர் செய்யிறதைச் செய்யும். நான் ஒண்டும் சொல்லமாட்டன்," என்றார்.

மறுநாள் காலையில் எடுத்துவிடுவதென்று அறைக்குப் போனேன். மனைவியும் கூட வந்தாள். எடுப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். பக்கத்தைத் திறந்தேன். புதுச் செய்தி இருந்தது.

"அண்ணா, இண்டைக்கு உங்கட முப்பத்தோராம் நாள். ஐயரைக் கூப்பிட்டு எல்லாம் ஒழுங்காச் செய்தனாங்கள். கத்தரிக்காய்க் கறி வைச்சுப் படைச்சனான், உங்களுக்கு விருப்பமெண்டு பெரியம்மா சொன்னவ. படம் பெரிசாக்கிச் சாமியறையில வைச்சிருக்கிறன். இத்தனை வருசத்தில நேற்றுத்தான் விடியும்வரைக்கும் நித்திரை கொண்டனான்."

இரண்டு பேரும் படித்தோம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குக் காரியம் முடிஞ்சிருச்சு," என்றாள் மனைவி. மெதுவாகத்தான் சொன்னாள். "எங்கயோ ஒருத்தி தல முழுகிட்டா. நீங்க இங்க உக்காந்து தட்டிக்கிட்டு இருக்கீக."

நான் எடுக்கிற வரியைத் தட்டிவிட்டேன். கடைசிப் பொத்தானை அழுத்தவில்லை. கையைப் பிடித்தது அவள்தான்.

"இருங்க. சொல்லாம எடுக்காதீக."

"நீதான் எடுக்கச் சொன்ன."

"சொன்னேன். இப்பச் சொல்றேன், இருங்க. நாளைக்கு அவ தொறந்து பாப்பா. பக்கம் இருக்காது. செத்தவனையும் தொலைச்சிட்டு நிப்பா. அவகிட்டச் சொல்லிட்டு எடுங்க."

செய்தி போடுகிறவர்கள் மெயில் முகவரி கொடுத்தால்தான் போடலாம் என்று வைத்திருந்தேன். அவள் முகவரி இருந்தது. மெயில் எழுத உட்கார்ந்தேன். எனக்கு எழுத வராது. காலையில் ஆரம்பித்து மத்தியானம் ஆனது. கடைசியில் இவ்வளவுதான் எழுதினேன்.

"அம்மா, வணக்கம். அந்தப் பக்கம் உண்மை இல்லை. வெப்சைட் வேலை செய்கிறதா என்று பார்க்க நான் போட்டது. படம் என்னுடையது. நான் உயிரோடு இருக்கிறேன். நான் அச்சுவேலி இல்லை, திண்டுக்கல். ஊர்ப் பட்டியலில் முதலில் இருந்ததைத் தொட்டேன். உங்கள் அண்ணனை எனக்குத் தெரியாது. மன்னிக்கவும்."

நம்ப வேண்டுமே என்று போன் நம்பரைப் போட்டேன். அனுப்பினேன்.

பதில் வரவில்லை. பக்கத்தில் புதுச் செய்தியும் இல்லை, பூவும் விழவில்லை. காலையில் திறந்து பார்ப்பேன். விளக்கு மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அதை எழுதியவன் நான்தான், நிற்காமல் ஆட வேண்டும் என்று. அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரட்டும், எடுத்துவிடலாம் என்று இருந்தேன்.

ஒரு மத்தியானம் கரண்ட் இல்லை. தோட்டத்தில் யாரும் இல்லை, ஓட்டுக்குள் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. எடுத்தேன்.

"ஹலோ."

மூச்சு மட்டும் கேட்டது. தூரத்து லைனில் நாம் பேசியது நமக்கே திரும்பி வரும். என் ஹலோ எனக்கே வந்தது.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றது பெண் குரல்.

"ஹலோ. யாருங்க?"

"குரல் மாறிப்போச்சு."

எனக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, மெயில்ல எழுதுனது நெசம். நான் உங்க அண்ணன் இல்ல."

"ஓம். அப்பிடித்தானே சொல்லோணும்."

"நெசமாத்தாம்மா. நான் இந்த ஊருக்காரன். எங்கம்மா இங்கதான் இருக்கு. ரேஷன் கார்டு இருக்கு."

"எல்லாம் செய்து குடுப்பினம். எனக்குத் தெரியும் அண்ணா. முகாமால வெளிய வந்த ஆக்கள் பேரை மாத்தி, ஊரை மாத்தி, பாஷையையும் மாத்தித்தான் இருக்கினம். பயப்பிடாதேங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்." மூச்சு வாங்கினாள். "பேரை மாத்த மனம் வரேல்லை. பிறந்த ஊரையும் மறைக்க மனம் வரேல்லை. நாங்கள் காணட்டும் எண்டுதானே போட்டனீங்கள்?"

என்ன சொன்னாலும் அது ஒளிந்திருக்கிறவன் சொல்வது மாதிரியே இருந்தது. நான் திண்டுக்கல்காரன் என்பதற்கு அவளிடம் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. பட்டியலில் முதலில் நின்றதைத் தொட்டேன் என்பதை யார் நம்புவார்கள்? எனக்கே அப்போது அது கதை மாதிரித்தான் கேட்டது.

மனைவி உள்ளே வந்து, "யாருங்க?" என்றாள்.

"அண்ணியோ?" என்றது போனில். "அண்ணிட்டக் குடுங்கோ."

கொடுத்தேன். மனைவி ஒரு கையால் போனையும் ஒரு கையால் தாலிக் கயிற்றையும் பிடித்துக்கொண்டு நின்றாள். நிறைய நேரம் கேட்டாள். "ம்" என்றாள். "இல்லம்மா" என்றாள். பிறகு "வாம்மா, வந்து கண்ணால பாரு," என்றாள். போனை வைத்தாள்.

"வரச் சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"செத்துட்டீகன்னு நெனச்சா, காரியம் பண்ணிட்டா. இருக்கீகன்னு நெனச்சா, விட மாட்டா. அவளே பாத்து இல்லன்னு சொல்லணும். நம்ம சொன்னா ஏறாது."

வந்தாள். மதுரையில் இறங்கி வாடகைக் கார் வைத்துக்கொண்டு நேராக வந்துவிட்டாள். ஒல்லியான பெண். தனியாகத்தான் வந்தாள். கார் தோட்டத்து முனையில் நின்றபோது மாமனார் வரப்பில் இருந்தார். அவளையும் பார்த்தார், அறை வாசலில் நின்ற என்னையும் பார்த்தார்.

"யாரு மாப்ள, உங்க தங்கச்சியா? மூக்கு ஒண்ணாத்தேன் இருக்கு."

அவருக்கு எதுவும் தெரியாது. விளையாட்டுக்குச் சொன்னார். அவள் அதைக் கேட்டுவிட்டாள். நடையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். முகத்தை வரிவரியாகப் படிக்கிற மாதிரி. நான் அசையவில்லை. மெயிலில் எழுதியதெல்லாம் மறந்து, ஒருவேளை நான்தானோ என்று ஒரு நிமிஷம் நின்றேன். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

கிட்ட வந்தாள். அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை.

"கையைத் தாங்கோ," என்றாள்.

வலது கையை நீட்டினேன்.

"மற்றக் கை."

இடது கையை நீட்டினேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குளிர்ந்த கை. என் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தாள். அடியிலிருந்து நுனிவரை தடவினாள். திரும்ப ஒருமுறை. விரலை வளைத்துப் பார்த்தாள். நீட்டிப் பார்த்தாள்.

"அண்ணைக்கு இந்த விரல் நீட்ட வராது. சின்னனில கதவுக்குள்ள நசிஞ்சது. அதிலதான் நான் பிடிச்சுக்கொண்டு நடக்கிறனான்." விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இதை நான் ஒருத்தருக்கும் எழுதேல்லை. எழுதினா ஆரும் அப்பிடி வைச்சுக் காட்டுவினம் எண்டு."

கையை விட்டாள்.

"இல்லை," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. யாரோ ஒரு ஆளைத் தாண்டிப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். நான் மாலைக்குள் இருந்தபோது கூட அவளுக்கு இப்படி யாரோவாக இருந்ததில்லை.

மனைவி அவளை வீட்டுக்குள் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்தாள். முருங்கைக்கீரையும் குழம்பும் வைத்திருந்தாள்.

"இன்னும் செத்த வச்சுக்கம்மா. வெஞ்சனம் பிடிக்கலயா?"

"வடிவா இருக்கு, அக்கா. காணும்," என்று போதுமென்று கையால் மறித்தாள்.

போனில் அண்ணி என்றவள். மனைவி அதைக் கவனித்தாள். தலையைக் குனிந்துகொண்டு பரிமாறினாள்.

புறப்படும் முன் அறைக்கு வந்தாள். அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னாள். திறந்தேன். உரமூட்டை வாசனை இன்னும் போகாத அறை. அவள் நின்றுகொண்டே சுற்றிப் பார்த்தாள். ராத்திரியெல்லாம் அவள் எழுதியது இந்த அறைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

"இப்ப உங்க முன்னாடியே எடுத்திர்றேம்மா," என்றேன்.

"படத்தை எடுங்கோ."

படத்தை எடுத்தேன். படம் இல்லாவிட்டால் வெறும் சட்டம் வரும்படி எழுதியிருந்தேன். வந்தது. மாலையும் விளக்கும் அப்படியே இருந்தன. நடுவில் வெள்ளை.

மிச்சத்தை எடுக்கப் போனேன்.

"வேண்டாம். அதை விடுங்கோ."

"அது நான் போட்டதும்மா. எல்லாம் பொய்."

"பேர் அண்ணையின்ர பேர். ஊர் அவற்ற ஊர். திகதி மட்டும்தான் நீங்கள் போட்டது. அதுக்கு நான் முப்பத்தொண்டு செய்திட்டன். இருக்கட்டும்."

"பேரு இவுக பேருந்தேன்மா," என்றாள் மனைவி வாசலில் இருந்து. கேட்கிற குரலில் இல்லை, கெஞ்சுகிற குரலில்.

"தெரியும் அக்கா. அதுக்குத்தான் படத்தை எடுக்கச் சொன்னனான். இனி அது இவர் இல்லை."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"இனி எங்கம்மா போறீக?" என்று கேட்டேன்.

"மண்டபம் போறன். முகாமில பழைய ஆக்கள் ஆரும் இருந்தாக் கேக்கலாம். விரலைச் சொல்லிக் கேப்பன்." காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு கண்ணாடியை இறக்கினாள். "அவர் கிடைச்சா உங்களுக்கு எழுதுவன். அண்டைக்கு எடுத்துவிடுங்கோ. அதுவரைக்கும் கிடக்கட்டும்."

கார் நத்தம் ரோட்டில் திரும்பியது.

பிரான்ஸ்காரர் இரண்டு வருஷத்தில் வேலையை நிறுத்திக்கொண்டார். உடம்புக்கு முடியவில்லை. சைட்டை மூடச் சொன்னார். மூடினேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் வேறு சர்வரில் வைத்தேன். பிறகு சர்வர்கள் பல மாறிவிட்டன. ஒவ்வொரு முறையும் மற்ற வேலைகளுக்கு முன்னால் அதைத்தான் முதலில் மாற்றுவேன். மனைவி கேட்பாள், அது பத்திரமா இருக்கா என்று. அவ்வளவுதான் கேட்பாள்.

அதில் இன்னும் சில நேரம் பூ விழும். யார் போடுகிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை. பார்க்க வழி உண்டு. மெயிலை மட்டும் தினமும் திறந்து பார்க்கிறேன்.

எடுக்கச் சொல்லி அவள் இன்னும் எழுதவில்லை.